இடதுபக்கம் இழுக்கும் டகோட்டா

6 அக்டோபர், திங்கள். புரட்டாசி 20.

மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம் மட்டும்.

மின்கட்டணம்: செலுத்தியாயிற்று. தண்ணீர் வடிகட்டி பழுதுபார்ப்பவர்: வரவில்லை. நேற்றும் வரவில்லை. டகோட்டா பதிவிறக்கம்: நடுவில் பலமுறை அறுந்து, பிற்பகலில் முடிவு.

ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்த பொருள். உலகப் போர்க் காலத்து இரட்டை எஞ்சின் விமானம். கணினியில் விமானம் ஓட்டும் என் சிமுலேட்டரில் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்கிய கோப்பை வழக்கம்போல கணினியில் இன்றைய தேதியிட்ட கோப்புறையில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். எந்தப் பதிப்பையும் நான் அழிப்பதில்லை.

சரோஜா: "ஏற்கெனவே அத்தினி பிளேன் வெச்சிக்கினு இருக்கீங்களே, இன்னும் ஒண்ணு இன்னாத்துக்கு?"

அவையெல்லாம் மூக்குச் சக்கரம் உள்ளவை, இது வாலை ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கும் வகை என்று விளக்கினேன். திரையைப் பார்த்தாள். "உக்காந்த நாய் மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஓட்டம், மா. 4.10, சென்னை ஓடுபாதை. எஞ்சின்கள் இரண்டும் சீராக இயங்கின. விசையை ஏற்றினேன். விமானம் இடப்பக்கம் திரும்பிப் புல்வெளிக்குள் போயிற்று. இரண்டாவது ஓட்டமும் புல்வெளி. மூன்றாவதில் அறிவிப்புப் பலகை மேல் மோதல்.

சரோஜா காபியை வைத்துக்கொண்டே: "புல்லு மேயப் போவுதா?"

மா. 6.30 திண்டிவனத்திலிருந்து சம்பந்தியின் தொலைபேசி. தணிகாசலம், மருமகள் கவிதாவின் தகப்பனார் (இனி ச.). அவரும் இதே விமானத்தை இன்றே வாங்கியிருக்கிறார்.

"சம்பந்தி, ஒருவழியா ஏறிடுச்சி! பாண்டிச்சேரில கெளம்பி மேல போய்க்கினே இருக்கேன். கீழ மரக்காணத்து உப்பளம் பளபளன்னு தெரியுது. உங்களுது எங்க போவுது?"

தொடர்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தப் பொழுதுபோக்கை அவருக்கு அறிமுகப்படுத்தியவன் நான். சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்து, லேசானதுதான், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது என் பழைய ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துச் சிமுலேட்டரையும் நிறுவித் தந்தேன். விமானத்தை இடம் வலம் திருப்பக் காலால் மிதிக்கும் பெடலை மட்டும் என்னைக் கேட்காமல் தாமே வாங்கிக்கொண்டார். மலிவான வகை.

7 அக்டோபர், செவ்வாய். புரட்டாசி 21.

வெயில். வடிகட்டிக்காரர் வரவில்லை.

முறையான சோதனை. காற்று வேகம் பூஜ்யம். இரு பக்கத் தொட்டிகளிலும் சம எரிபொருள். வானம் தெளிவு. சுமை இல்லை. வலது பெடலை முழுக்க அழுத்தியும் விமானம் இடப்பக்கமே போகிறது. எனவே குற்றம் ஓட்டுபவனிடத்தில் இல்லை, தயாரித்தவரிடத்தில்.

நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளனாக இருந்தவன் நான். நேர்கோடு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிற குறைகளையும் குறித்துக்கொண்டேன். கடிகாரத்தின் சிறிய முள் தடித்திருக்கிறது. இடப்பக்க இறக்கையில் தறையாணி வரிசை வலப்பக்கத்தோடு ஒத்துவரவில்லை. துணை விமானியின் இருக்கைத் தையல் கோணல்.

9 அக்டோபர், வியாழன். புரட்டாசி 23.

காலையில் தூறல். துணி உள்ளே.

இணைய மன்றத்தில் விமர்சனம் வெளியிட்டேன். முதலில் தமிழில் எழுதி, திருத்தி, பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்தேன். ஒரு நட்சத்திரம். அதற்கும் கீழே கொடுக்க வழியில்லை. முடிவு வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது: "நேராக ஓடத் தெரியாத ஒன்றுக்கு இறக்கை பொருத்தி விற்றிருக்கிறார்கள்."

மாலைக்குள் வந்த எதிர்வினைகள்:

கோவைக்காரர் ஒருவர்: "அய்யா கரெக்டா சொன்னீங்க, என்னுதும் இழுக்குது. நான் என் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கோட்டயத்துக்காரர்: எஞ்சின் ஒலி வெட்கிரைண்டர் போல இருக்கிறதாம். நியாயமான கருத்து.

வெளிநாட்டவர் ஒருவர்: பழைய விமானங்கள் அப்படித்தான் இழுக்கும், வலது காலைப் பயன்படுத்துங்கள். அவருக்கு நான்கு பத்தியில் பதில் எழுதினேன். பிறகு பேச்சில்லை.

இன்னொருவர் எல்லாப் பதிவுகளுக்கும் கீழே ஒரே வாக்கியம் எழுதிக்கொண்டு போகிறார்: பணத்தைத் திருப்பித் தா. என் விமர்சனத்தின் கீழும் அதையே எழுதியிருக்கிறார். நான் எந்தப் பணத்தைத் தருவது?

ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஓர் ஆளும் உண்டு. "லாரி ஓட்டுற மாதிரியே இருக்குது. அருமை." பெயர்: திண்டிவனம் எக்ஸ்பிரஸ். யார் என்று விசாரிக்கத் தேவையில்லை.

11 அக்டோபர், சனி. புரட்டாசி 25.

கடைசிப் புரட்டாசிச் சனி. தளிகை, மொச்சைக் குழம்பு. புழுக்கம்.

பகல் 12 மணிக்கு ச. வருகை, முன்னறிவிப்பு இல்லாமல். காரில், ஓட்டுநரோடு. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் வண்டி ஊர்ந்ததாம். மடியில் ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலை.

அவருடைய வலது செருப்பு வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. ஒற்றைச் செருப்போடு கூடம்வரை வந்துவிட்டார். கழன்றதே தெரியவில்லையாம். இந்த அளவுக்குக் கவனக்குறைவு.

என் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். ஓட்டிக் காட்டினேன். புல்வெளி.

"கால வைங்க சம்பந்தி. வலது காலு."

"வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

"இழுத்ததுக்கு அப்பால வெச்சா பிரயோஜனம் இல்ல. இழுக்கப் போவுதுன்னு தெரியும்ல? அதுக்கு முன்னாடியே வெச்சிடணும். லோடு வண்டி எறக்கத்துல எறங்கச் சொல்ல நாம பண்ண மாட்டமா, அந்த மாதிரி."

மறுபடி ஓட்டினேன். வலது பெடலைத் தரையோடு தரையாக மிதித்தேன். மறுபடியும் புல்வெளி.

"வெச்சா அந்தப் பக்கம் போவாதே" என்று முணுமுணுத்தார். "நீங்களே உட்கார்ந்து காட்டுங்கள்" என்றேன். வேண்டாம், தம் நாற்காலியில்தான் தமக்கு வரும் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் எனக்கு எரிச்சலை மூட்டியது.

"லாரி ஓட்டுவது வேறு, விமானம் ஓட்டுவது வேறு" என்றேன். "இதற்குக் கொஞ்சம் படிக்க வேண்டும்."

அவர் மோர் குடித்தார். சரோஜாவிடம், "வர்றேம்மா, மழ வந்தா பேஜாரு" என்றார். ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

சரோஜா: "இன்னா பேச்சு பேசிட்டீங்க அந்த மனுசன! லாரி ஓட்டித்தான் பொண்ணப் படிக்க வெச்சாரு. அந்தப் பொண்ணுதான் இந்த ஊட்டு மருமக. நெனப்பிருக்கா?"

நினைவிருக்கிறது. நான் சொன்னது பொதுவான உண்மை.

மல்லாட்டை நல்ல பருப்பு. வெயில் தாழ்ந்தபின் வேகவைக்கச் சொன்னேன். சரோஜா காதில் வாங்கவில்லை.

20 அக்டோபர், திங்கள். ஐப்பசி 3. தீபாவளி.

விடியலிலிருந்து மழை. வெடிகள் நமத்துப் போயின. எதிர்வீட்டில் மட்டும் விடாமல் முயல்கிறார்கள்.

ஒவ்வொரு தீபாவளியன்றும் ஐந்து மணிக்கு ச. அழைப்பது வழக்கம். "எண்ணெ தேச்சிக் குளிச்சாச்சா சம்பந்தி?" கல்யாணம் ஆன ஆண்டிலிருந்து தவறியதில்லை. இன்று அழைப்பில்லை. ஏழு மணிக்கு ஒரு குத்துவிளக்குப் படம் வந்தது. எல்லாருக்கும் அனுப்பிய படம்.

நானும் ஒரு குத்துவிளக்குப் படம் அனுப்பினேன்.

மகனும் கவிதாவும் திண்டிவனம் போய்விட்டு மாலையில் இங்கே. கவிதா, இலையில் அதிரசம் வைத்தபடி: "மாமா, உங்களுக்கு ஏறிடுச்சான்னு அப்பா கேக்கச் சொன்னாரு."

பழுதான பொருள் ஏறாது என்றேன். அவள் சிரித்தாள். அப்பா தினமும் ஓட்டுகிறார், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுவதில்லை என்றாள். எல்லாருக்கும் ஒருவகைப் பைத்தியம் என்றான் மகன். என்னையும் சேர்த்துத்தான்.

மன்றத்தில் என் விமர்சனம்தான் இப்போது முதலிடத்தில்.

3 நவம்பர், திங்கள். ஐப்பசி 17.

மழை விட்டிருக்கிறது. பேருந்து நிலையப் பக்கம் தண்ணீர் வடியவில்லையாம். போகவில்லை.

தயாரிப்பாளர் மன்றத்தில் பதில் எழுதியிருக்கிறார். நிறுவனம் என்று எண்ணியிருந்தேன். ஒரே ஆள். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் செய்கிறார். கையொப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் படம். எந்த நாடு என்று தெரியவில்லை. அவர் எழுதியதன் சாரம்:

"உண்மையான விமானம் இப்படித்தான் இழுக்கும். விமானிகள் பலரிடம் கேட்டுத்தான் செய்தேன். ஆயினும் இத்தனை பேர் கேட்கும்போது நான் பிடிவாதம் பிடிப்பது சரியல்ல. அடுத்த பதிப்பில் இழுப்பை எடுத்துவிடுகிறேன். விரிவாக எழுதிய விழுப்புரம் அன்பருக்கு நன்றி."

விழுப்புரம் அன்பர் நான்தான். அச்சிட்டு எடுத்தேன். மேசைமேல் வைத்துவிட்டு வந்தபோது அதன்மேல் சரோஜா கறிவேப்பிலையை உருவிப் போட்டிருந்தாள்.

ச.வுக்குத் தெரிவிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். தானே தெரிந்துகொள்வார்.

12 நவம்பர், புதன். ஐப்பசி 26.

இளவெயில். வடிகட்டிக்காரர் வந்தார். தவறான உதிரிப் பாகத்தோடு.

புதிய பதிப்பு வெளியாயிற்று. எதிர்வினைகள் மளமளவென்று:

"ரயிலு மாதிரி நேரா போவுது. சூப்பர்." (கோவை)

"காலை எடுத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டே ஏற்றினேன்." (யாரோ)

"உயிர் போய்விட்டது. இது டகோட்டா அல்ல, தள்ளுவண்டி." (அந்த வெளிநாட்டவர்)

பணத்தைத் திருப்பித் தா. (அவரேதான்)

மா. 5 மணிக்கு நான் ஓட்டினேன்.

இடப்பக்கம். புல்வெளி.

ஒன்பது முறை. ஒன்பதும் புல்வெளி.

மன்றத்தில் எழுதினேன்: "எதுவும் சரிசெய்யப்படவில்லை. நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்." அவசரத்தில் ஓரிரு எழுத்துப் பிழைகள். திருத்துவதற்குள் வெளியாகிவிட்டது. எழுத்துப் பிழையோடு என் பெயரில் ஒன்று வெளியாவது இதுவே முதல் தடவை.

13 நவம்பர், வியாழன். ஐப்பசி 27.

மழை வரும் போலிருந்து வரவில்லை.

ஒருவர்கூட என் பக்கம் இல்லை. நேற்றுவரை "அய்யா, அய்யா" என்றவர்கள்.

கோவை: "அய்யா, எங்க எல்லாருக்கும் ஸ்கேல் வெச்ச மாதிரி போவுது. உங்க வீட்டுத் தரை சாய்வா இருக்கா?"

அதற்குக் கீழே ஒருவர்: "வாஸ்து பாருங்க சார்."

அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள், வரிசையாக.

ரசமட்டத்தை எடுத்துத் தரையைச் சோதித்தேன். குமிழி நடுவில் நிற்கிறது. மேசையும் சரி. நாற்காலியும் சரி. நான் முழங்காலிட்டுக் கொண்டிருந்தபோது சரோஜா வந்து நின்றாள். "கொத்தனாரு வேலைக்குப் போவப் போறீங்களா?"

படமெடுத்து மன்றத்தில் போட்டேன், ரசமட்டத்தோடு. போட்டிருக்கக் கூடாது.

16 நவம்பர், ஞாயிறு. ஐப்பசி 30.

விட்டு விட்டு மழை. மின்சாரம் இரண்டு தடவை போயிற்று.

காலை 10 மணிக்குக் கவிதா, தாம்பரத்திலிருந்து. நலம் விசாரித்தாள். பிறகு தயங்கினாள்.

"மாமா, அப்பாகிட்ட நீங்க கொஞ்சம் பேசுறீங்களா? புதன்கிழமையில இருந்து கம்ப்யூட்டர் பக்கமே போவல. படுத்தே கெடக்கறாரு."

என்ன காரணம் என்று கேட்டேன்.

"அவருக்கு வலது கால் இன்னும் சரியா வரல மாமா. உங்களுக்கெல்லாம் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. செருப்பு கழண்டாகூட தெரியாது. பிசியோ அக்கா தினமும் வந்து பந்து மிதிங்க, துணிய இழுங்கன்னுவாங்க. நான் இன்னா சின்னப் புள்ளயான்னு திட்டி அனுப்பிடுவாரு. அந்தப் பழைய பிளேன் வந்ததுல இருந்துதான், அது இடப்பக்கம் இழுக்குமாம், வலது கால வெச்சி மிதிச்சாதான் ஏறுமாம், தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி மிதிச்சாரு. தீபாவளி அன்னைக்குக் குச்சி இல்லாம வாசல்வரைக்கும் வந்தாரு மாமா. பிசியோ அக்காவே, இன்னா பண்ணீங்கன்னு கேட்டாங்க. இப்போ யாரோ கம்ப்ளைண்ட் பண்ணி அந்த இழுவைய எடுத்துட்டாங்களாம். 'அதுவா போவுது, என் காலு அதுக்குத் தேவையில்லயாம்'னு எழுந்து போய்ட்டாரு."

யாரோ என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறார்.

மன்றத்தில் என் பெயர் முதல் வரியில் இருக்கிறது. அவர் தினமும் படிப்பவர்.

பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. என்ன பேசுவது? குறை இருந்தது, சுட்டிக்காட்டினேன். சுட்டிக்காட்டியது தவறு ஆகாது. இதை மதியம் முழுவதும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சரோஜாவிடம் கோபித்துக்கொண்டேன். உப்பு இருந்தது.

18 நவம்பர், செவ்வாய். கார்த்திகை 2.

தெளிந்த வானம். குளிர்ச்சி.

கார்த்திகை பிறந்துவிட்டதால் வீடு துடைப்பு. சரோஜா என் மேசைக்குக் கீழே ஈரத்துணியோடு நுழைந்து, பெடலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயே, ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனம் அப்பிடியே கல்லு மாதிரி காய்ஞ்சி கெடக்குது!"

இந்த வீட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மிக்ஸி, தையல் இயந்திரம், என் மிதிவண்டி, அளவுகோல்கள், கணினி, ஜாய்ஸ்டிக், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெடலுக்கும். புதிய பெடல் என்பதால் தாராளமாக. கரைத்தது நீர்த்துப்போய் இடது பெடலின் கீலுக்குள் வழிந்து இறுகிவிட்டது. இடது பக்கச் சக்கரத்தின் பிரேக் அந்தக் கீலில்தான். காலை எடுத்த பிறகும் அது முழுவதுமாக விடுபடவில்லை. இடது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினால் எந்த வண்டியும் இடப்பக்கம்தான் போகும். லாரியும்.

பூஜை கழிந்த பிறகு டகோட்டாவைத் தவிர வேறு விமானத்தை நான் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"எல்லாம் உன் சந்தனத்தால் வந்தது" என்றேன்.

"சாமி காரியத்தக் கொற சொல்லாதீங்க. கோடு, கோணல்னு ஊரெல்லாம் அளந்தீங்களே, காலடியில குனிஞ்சி பாத்தீங்களா?"

பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். உலர்ந்த பின் புதிய பதிப்பை ஓட்டினேன். கோடு போட்டதுபோல் நேராகப் போய் ஏறிற்று. மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. என் கால் செய்ய அதில் வேலையும் இல்லை.

பிறகு 6 அக்டோபர் கோப்புறையிலிருந்து பழைய பதிப்பை எடுத்து நிறுவினேன். இடப்பக்கம் இழுத்தது. வலது காலை வைத்தேன். தாமதம். புல்வெளி. அடுத்த தடவை, இழுப்பதற்கு முன்பே வைத்தேன்.

ஏறியது.

விமானத்தில் குற்றம் ஏதும் இருந்ததில்லை. ச. சொன்னது சொன்னபடி.

19 நவம்பர், புதன். கார்த்திகை 3.

மேகம்.

மன்றத்தில் விமர்சனத்தைத் திரும்பப் பெற்றேன். காரணத்தையும் எழுதினேன், சந்தனம் உட்பட. விமானம் தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது, இழுப்பை மீண்டும் தர வேண்டும், அதை நம்பி இருக்கிற ஒருவர் உண்டு என்று எழுதினேன். யார் என்று எழுதவில்லை. தமிழ் வரைவை நான்கு முறை கிழித்தேன்.

எதிர்வினைகள்:

"சந்தனக் கேஸ்!" (கோவை)

"ரசமட்டம் வெச்சிப் பாத்தவர் இவர்தானா?" (புதியவர். பழையதைத் தேடிப் படித்திருக்கிறார்.)

"நாங்க நிம்மதியா ஓட்டிட்டிருக்கோம். மறுபடி இழுக்க வெக்கறதுக்கா கேக்கறீங்க?" (பலர்)

கோட்டயத்துக்காரர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார். கூடவே வெட்கிரைண்டர் ஒலி இன்னும் சரியாகவில்லை என்பதையும்.

பணத்தைத் திருப்பித் தா என்பவர் இம்முறையும் அதையேதான். முதன்முறையாக அது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

மாலையில் தயாரிப்பாளர்: இழுப்பு வேண்டும், வேண்டாம் என்று அவரவரே தேர்ந்துகொள்ள ஒரு பொத்தான் வைக்கலாம். வேலை மிகுதி, சில மாதங்கள் ஆகும். சந்தனம் என்றால் என்ன? விளக்கி எழுதினேன், மூன்று பத்தி. நாயின் பெயரையும் கேட்டேன். பதில் இல்லை.

சில மாதங்கள். அதுவரை அந்தக் கால்?

ச.வை அழைத்தேன். சம்பந்தியம்மாள் எடுத்தார்கள். "படுத்துக்கினு இருக்காரு அண்ணே. எழுப்பட்டுமா?" வேண்டாம் என்றேன்.

22 நவம்பர், சனி. கார்த்திகை 6.

காலை மழை. பேருந்தில் திண்டிவனம். விக்கிரவாண்டி தாண்டும்வரை நின்றபடி. பக்கத்து ஆள் குடையை என் கால்மேல் வடிய விட்டுக்கொண்டு வந்தார். சொல்லியும் நகர்த்தவில்லை. சட்டைப்பையில் பென் டிரைவ், பிளாஸ்டிக் உறையில் சுற்றியது. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ச. கூடத்துக் கட்டிலில். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். கையூன்றித்தான் எழ முடிந்தது. தாடி மழிக்கவில்லை.

"வாங்க சம்பந்தி. மழையில எதுக்கு? போன் பண்ணா கார அனுப்பி இருப்பனே."

"விமானம் சம்பந்தமாக வந்தேன்."

"அத உட்டுட்டேங்க. லாரிக்காரனுக்கு எதுக்கு அதெல்லாம்? படிச்சவங்க ஓட்டறது."

அதை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? சம்பந்தியம்மாள் கேப்பைப் பகோடாவை வைத்துவிட்டு ஜல்தியாக உள்ளே போய்விட்டார்கள்.

"என் பெடலில் சந்தனம் இறுகியிருந்தது" என்றேன். "இடது பிரேக். ஆயுத பூஜையிலிருந்து."

புரிய ஒரு கணம் ஆயிற்று அவருக்கு. பிறகு சிரித்தார். கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார், இருமல் வரும்வரை. "அடடா! பிரேக்கப் புடிச்சிக்கினே ஊரெல்லாம் வண்டிய ஓட்டி, வண்டி சரியில்லன்னு கம்பெனிக்காரன் மேல பிராது குடுத்தீங்களா! எங்கிட்ட இருந்த கிளீனர் பையன் ஒருத்தன் இப்படித்தான் பண்ணான், கிளியனூருகிட்ட. அவன அன்னைக்கே எறக்கி உட்டுட்டேன்."

"அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்களா?"

"சேத்துக்காம? வேற எவன் வருவான்."

பழைய பதிப்பைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. காலைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் கணினியில் புதுப்பிப்பு தானாகவே நிறுவிக்கொள்ளும்படி இருந்தது. வைகாசியில் நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்தேன், அவருக்குத் தெரியாது என்று எண்ணி. அதை நிறுத்தினேன். புதியதை நீக்கினேன். பழையதை நிறுவினேன். நடுவில் மின்சாரம் போய் மறுபடி முதலிலிருந்து. அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார். வலது செருப்பைக் கையால் கழற்றி ஓரமாக வைத்தார்.

பாண்டிச்சேரி ஓடுபாதை. விசையை ஏற்றினார். இடப்பக்கம் இழுத்தது. கால் வரவில்லை. புல்வெளி.

"மேயுது" என்றார்.

மறுபடி புல்வெளி. பத்து நாள் படுத்ததில் கால் மறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. போதும் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுபடி புல்வெளி. எஞ்சின் ஒலி உண்மையிலேயே வெட்கிரைண்டர் போலத்தான் இருக்கிறது.

"இன்னொரு தபா" என்றார்.

எஞ்சின்கள் உரத்தன. நான் திரையைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து அந்தக் காலைப் பார்த்தேன். பெடல்மேல் சும்மா கிடந்தது. பெருவிரல் முதலில் அசைந்தது. பிறகு பாதம், மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராகி, முழுதாக அழுந்தியது. மேலே ஒலி மாறியது. சக்கரம் தரையை விட்ட ஒலி.

"இன்னா சம்பந்தி, கீழ தேடறீங்க?"

"பேனா மூடி" என்றேன்.